அம்மா தனியாகக் கனடா போகிறார்: வட்டக்கச்சியிலிருந்து ரொறன்ரோ வரை

வட்டக்கச்சி மகள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சி. தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். அம்மாவுக்கு சூப்பர் விசா (பிள்ளைகளிடம் வந்து நீண்ட காலம் நிற்கப் பெற்றோருக்குக் கனடா தருகிற விசா) கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் பயணம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரவு 10 மணியளவில் ஏறுகிறார். டுபாய்க்கு நாலரை மணித்தியாலம். அங்கே இரண்டரை மணித்தியாலம் நின்று, பிறகு ரொறன்ரோவுக்கு ஏறக்குறைய 14 மணித்தியாலம்.

அம்மாவுக்கு வயது 68. சீனி வருத்தம் இருக்கிறது, காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறார். பிரஷருக்கும் குளிசை எடுக்கிறார். முழங்கால் நோ. ஆங்கிலம் தெரியாது. விமானத்துக்குள் கால் வைத்ததே இல்லை. கூடப் போக எனக்கு வழியில்லை.

கால் வீக்கத்துக்கு என்ன செய்வது? இன்சுலினை எந்த நாட்டு நேரத்துக்குப் போடுவது? டுபாயில் தனியாக எப்படி மாறுவார்? நான் யோசிக்காத விடயங்கள் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். "ஒன்றும் நடக்காது, பயப்படாதே" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை வீட்டில் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

பரந்தன் சந்தி

ஒன்றும் நடக்காது தங்கச்சி, பயப்படாதே.

சரி, பகிடி விட்டேன். ஆனாலும் இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா? சாப்பாடு தருவார்கள், படம் போடுவார்கள், ஏறி இருந்தால் கொண்டுபோய் இறக்குவார்கள். டுபாயில் ஏறியதும் ஒரு நித்திரைக் குளிசை போடச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் கண் முழிப்பார்.

நெடுங்கேணித் தாதி

பரந்தன் அண்ணா, அந்த நித்திரைக் குளிசையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். குளிசை போட்டுவிட்டு மடங்கிய காலோடு அசையாமல் கிடந்தால் கால் நாளத்தில் இரத்தம் உறையும் வாய்ப்புக் கூடும். வயதானவர்களுக்குத் தலைச்சுற்றும் தடுமாற்றமும் வேறு வரும். இருட்டில் ரொய்லற்றுக்கு எழும்பி விழுந்தால் யார் பிடிப்பது?

நான் நெடுங்கேணி, இப்போது இங்கிலாந்தில் தாதி. தங்கச்சி, நீங்கள் பயணத்தைக் கட்டுநாயக்காவிலிருந்து எண்ணுகிறீர்கள். உங்கள் வீட்டுப் படலையிலிருந்து எண்ணுங்கள். கட்டுநாயக்கா வரை வான் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம், விமான நிலையக் கதிரையில் மூன்று நான்கு, பிறகு நாலரை, பிறகு இரண்டரை, பிறகு 14. இறங்கி வெளியே வந்து தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகிவிடும். கொழும்பில் இருக்கிற ஒருவர் அதே விமானத்தில் புதுக்காலோடு ஏறுவார். எங்கள் சனம் ஏறும்போதே கால் பாதி வீங்கியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2007 இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தால் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று அதில் இருக்கிறது. விமானம் மட்டுமல்ல, பஸ், கார், ரயில் எல்லாவற்றுக்கும் அதே கதைதான். ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய 6000 பேருக்கு ஒருவருக்குத்தான் அது வரும், ஆகவே பதற வேண்டாம். புற்றுநோய் உள்ளவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், முன்பு ஒருமுறை இரத்தம் உறைந்தவர்கள், உடம்பு பெருத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அம்மா செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நடைபாதைப் பக்க இருக்கை எடுங்கள், யாரையும் எழுப்பாமல் எழும்பலாம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை குதிக்காலைத் தூக்கி இறக்க வேண்டும், பாதத்தைச் சுழற்ற வேண்டும். முன் இருக்கைக்குக் கீழே பையைத் தள்ளிக் கால் வைக்கிற இடத்தை அடைக்கக் கூடாது.

இறுக்கக் காலுறையைப் பற்றி யாராவது கட்டாயம் சொல்வார்கள். முழங்காலுக்குக் கீழே வரும் அந்தக் காலுறை நல்லதுதான், ஆனால் அம்மாவுக்குச் சீனி வருத்தம். சீனி வருத்தக்காரர் சிலருக்குக் காலின் இரத்தக்குழாய் ஏற்கெனவே சுருங்கியிருக்கும், பாதம் மரத்திருக்கும். அவர்களுக்கு இறுக்கக் காலுறை கெடுதல் செய்யும். கிளினிக்கில் பாத நாடியைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்குங்கள். அஸ்பிரினைப் பயணத்துக்காகப் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே எடுக்கிறார் என்றால் அப்படியே தொடரட்டும்.

இரண்டு பாதமும் ஒரே மாதிரி வீங்கினால் ஓரிரு நாளில் வற்றும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி நொந்தால், அல்லது நெஞ்சு நொந்து மூச்சு முட்டினால், உடனே ஆஸ்பத்திரி. இது இறங்கிச் சில வாரம் கழித்தும் வரலாம் என்பதைத் தம்பிக்குச் சொல்லி வையுங்கள்.

வவுனியா வான்காரன்

நான் இந்த ஓட்டம்தான் ஓடுகிறேன், ஆகவே வான் பகுதியை நான் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் முறிகண்டியில் நிற்பார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, எல்லோரும் இறங்கி ஏற அரை மணித்தியாலம். நல்லது, பிள்ளையாரைத் தாண்டிப் போக நானும் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டிலிருந்து புறப்பட்டு அரை மணித்தியாலத்தில் நிற்பதைக் கால் நீட்டுகிற கணக்கில் சேர்க்க முடியாது. அதற்குப் பிறகுதான் பிழை நடக்கும். "நேரம் போய்விட்டது, நிற்காமல் ஓட்டுங்கள்" என்று ஒரே மூச்சில் புத்தளம் வரை போகச் சொல்வார்கள். வவுனியாவில் நில்லுங்கள், அநுராதபுரத்தில் நில்லுங்கள், புத்தளத்திலோ சிலாபத்திலோ ஒரு தடவை நில்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அம்மாவை இறக்கிப் பத்து நிமிடம் நடக்க விடுங்கள்.

அம்மாவை முன் இருக்கையில் அல்லது இரண்டாவது வரிசையில் விடுங்கள். வழியனுப்ப வருகிற சனத்துக்காக அவரைக் கடைசி வரிசை மூலைக்குள் தள்ளிவிடுவது நான் அடிக்கடி பார்க்கிற காட்சி. பயணம் போகிறவர் மூலையில், வழியனுப்ப வருகிறவர்கள் காற்று வாங்கிக்கொண்டு.

ரயிலையும் யோசிக்கலாம். கிளிநொச்சியில் ஏறினால் எழும்பி நடக்கலாம், ரொய்லற்றும் இருக்கிறது. ஆனால் கொழும்புக் கோட்டையில் இறங்கிப் பெட்டி படுக்கையோடு திரும்பக் கட்டுநாயக்கா பக்கம் வரவேண்டும். முழங்கால் நோக்காரருக்கு வான்தான் சரி என்பது என் எண்ணம். இதை வான்காரன் சொல்கிறான் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

நெடுங்கேணித் தாதி

கச்சான் என்றதும் ஞாபகம் வந்தது. விமானத்துக்குள் காற்றமுக்கம் தரையில் இருப்பது போல் இருக்காது. 6000 அடியிலிருந்து 8000 அடி வரையான மலையில் இருப்பதற்குச் சமமாகத்தான் வைத்திருப்பார்கள். நுவரெலியா 6000 அடிக்குச் சற்று மேல், பிதுருதலாகலை உச்சி 8000 அடிக்குச் சற்று மேல். அந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ 14 மணித்தியாலம் இருக்கப்போகிறார். அந்த உயரத்தில் வயிற்றுக்குள் இருக்கும் வாயு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். முறிகண்டிக் கச்சானும் கடலையும் கொறித்துவிட்டு ஏறினால் வயிறு ஊதித்தான் தீரும். பையில் கட்டிக் கனடாவுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடட்டும்.

இதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் வருத்தக்காரர், இரத்தம் நன்றாகக் குறைந்தவர்கள் இந்த உயரத்தைப் பற்றி முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்க வேண்டும். சீனியும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை.

உள்ளே காற்று மிகவும் வறண்டது, ஈரப்பதன் 20 சதவீதத்துக்கும் கீழே. தொண்டையும் கண்ணும் காயும். எங்கள் அம்மாமார் ரொய்லற்றுக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அதுதான் அடுத்த தலையிடி.

வட்டக்கச்சி மகள்

அக்கா, அம்மா நேற்றே சொல்லிவிட்டார், "நான் அங்கே ஒன்றுக்கும் போகாமல் சமாளிப்பேன்" என்று. இன்னொன்று, டுபாயில் மாற சக்கர நாற்காலி கேட்கலாம் என்றேன். "நான் என்ன நடக்க ஏலாதவளா, ஊர் பார்க்க என்னைத் தள்ளிக்கொண்டு போவதா" என்று ஒரே கோபம்.

முள்ளியவளைப் பெறாமகள்

ரொய்லற் விடயத்தை நான் சொல்கிறேன், ஆண்கள் யாரும் இதை எழுத மாட்டார்கள்.

கதவு நடுவில் மடியும், அந்த மடிப்பில் அழுத்தினால் உள்ளே திறக்கும். உள்ளே போனதும் இருட்டாக இருக்கிறது என்று பயந்து திரும்பக் கூடாது. தாழ்ப்பாளைத் தள்ளினால்தான் முழு வெளிச்சம் வரும். பொத்தானை அழுத்தியதும் "ஷ்ஷ்" என்று பெரிய சத்தம் வரும், அது உறிஞ்சுகிற சத்தம். மூடியை மூடிவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். கழுவக் குழாய் இருக்காது, ஆகவே கைப்பையில் ஒரு வெற்றுப் போத்தல் வைத்து அங்குள்ள குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. ஈரத் துடைப்பான் பாவித்தால் குப்பைப் பெட்டிக்குள் போட வேண்டும். தரை ஈரமாக இருக்கும், வெறுங்காலோடோ காலுறையோடோ போக வேண்டாம். சீனி வருத்தக்காரருக்கு இது முக்கியம்.

சேலை வேண்டாம். அந்தச் சின்ன அறைக்குள் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. தளர்வான நீளப் பாவாடையும் சட்டையும், மேலே ஒரு கம்பளிச் சட்டை. சேலை கட்டித்தான் இறங்குவேன் என்று அடம்பிடித்தால் அதைக் கைப்பையில் வைத்துவிடுங்கள். தம்பி வீட்டில் கட்டிப் படம் எடுக்கட்டும்.

சப்பாத்து அரை அளவு பெரிதாக, முன்பக்கம் திறந்து மூடுகிற மாதிரி. புதுச் சப்பாத்தோடு அனுப்ப வேண்டாம்.

வவுனிக்குளத்தான்

சக்கர நாற்காலியைக் கட்டாயம் போடுங்கள். அம்மாவுக்கு விளங்கும்படி சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள்: தள்ளுகிறவருக்கு வழி தெரியும், வரிசை தெரியும், வாயில் மாறினால் முதலில் அவருக்குத்தான் தெரியும். ஆங்கிலம் தெரியாத ஒருவரை இரண்டரை மணித்தியாலத்துக்குள் டுபாய் போன்ற இடத்தில் அடுத்த விமான வாயிலில் சேர்க்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. காசு கிடையாது.

ரிக்கற் போட்ட இடத்தில் குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன் சொல்ல வேண்டும். மூன்று வகை இருக்கிறது. படி ஏறி இறங்க முடியும், தூரம்தான் நடக்க முடியாது என்றால் ஒன்று. படி ஏற முடியாது என்றால் இன்னொன்று. இருக்கை வரை தூக்கிக்கொண்டுபோய் விட வேண்டும் என்றால் மூன்றாவது. முழங்கால் நோவோடு விமானப் படி ஏறுவாரா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். விமானம் நிற்கிற இடத்தைப் பொறுத்துப் பஸ்ஸில் போய்ப் படியால் ஏறவும் நேரிடலாம்.

இறங்கும்போது சக்கர நாற்காலிக்காரரைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். எல்லோரும் போய்விட்டார்கள், என்னை மறந்துவிட்டார்கள் என்று பதறி எழும்பி நடக்கத் தொடங்கக் கூடாது. இதை நாலைந்து தடவை சொல்லி வையுங்கள். கடவுச்சீட்டும் கைப்பையும் அவர் மடியிலேயே இருக்கட்டும்.

ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கழுத்துப்பையில் போடுங்கள்: தமிழ் மட்டும் பேசுவேன், ரொறன்ரோ போகிறேன், விமான இலக்கம், சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறேன், மகனின் தொலைபேசி. அதற்குக் கீழே தமிழில் அதே விடயம், அம்மா தானே வாசிக்க. டுபாயில் வேலை செய்கிறவர்களில் தமிழரும் மலையாளிகளும் நிறையப் பேர். தமிழில் வாய் திறந்து கேட்கச் சொல்லுங்கள், யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

நெடுங்கேணித் தாதி

இன்சுலின். முடிவு உங்கள் கிளினிக் வைத்தியருடையது. ஆனால் வெறுமனே "கனடா போகிறார், என்ன செய்ய" என்று கேட்டால் அவருக்கும் நேரம் இருக்காது. கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

மேற்கே போகும்போது அம்மாவின் நாள் நீளும். ரொறன்ரோ எங்கள் நேரத்துக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. கோடை என்று வைத்துக்கொள்வோம். மாலை 7 மணி ஊசி கட்டுநாயக்காவில், உணவோடு. அடுத்த காலை 7 மணி ஊசிக்கு நேரம் வரும்போது ரொறன்ரோ விமானத்தில் ஏறி இரண்டு மணித்தியாலம் அளவில் ஆகியிருக்கும், சாப்பாடும் வருகிற நேரம். அதற்கடுத்த மாலை 7 மணி வரும்போது ரொறன்ரோவில் காலை 9.30, ஏறக்குறைய இறங்குகிற நேரம். அதுவரை ஊர் நேரத்திலேயே போகலாம், கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம். அதற்குப் பிறகுதான் கேள்வி வரும். ரொறன்ரோ மாலை 7 மணிக்கு அடுத்த ஊசியைப் போட்டால் இடைவெளி பன்னிரண்டுக்குப் பதிலாக ஒன்பதரைதான். அந்த ஊசியின் அளவைக் குறைப்பதா, அப்படியே போடுவதா என்று வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள்.

சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்து வைத்த பிறகுதான் ஊசி. வண்டில் வருகிறது என்று பார்த்துப் போட்டுவிட்டால், நடுவில் விமானம் குலுங்கிப் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், சீனி இறங்கிவிடும். கைப்பையில் குளுக்கோஸும் பிஸ்கற்றும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் இருக்கட்டும்.

இன்சுலினைச் சூட்கேசில் போடவே கூடாது. கீழே சரக்கறையில் உறைந்து போகலாம், பெட்டியே வராமலும் போகலாம். உறைந்த இன்சுலின் பிறகு உதவாது, ஆகவே விமானத்தில் ஐஸில் வைத்துத் தாருங்கள் என்றும் கேட்க வேண்டாம். பாவிக்கிற போத்தல் சாதாரண அறை வெப்பத்தில் பொதுவாக ஒரு மாதம் அளவில் தாங்கும், பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். வானுக்குள்தான் கவனம். கண்ணாடிக்குக் கீழே வெயில் படுகிற தட்டில் வைத்தால் கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் எங்கள் ஆட்கள் நனைத்த மண்சட்டியில் வைப்பார்களே, அதே யோசனைதான்: ஈரத்துணி சுற்றிய சின்னப் பை.

இன்சுலினும் ஊசியும் 100 மில்லிலீற்றர் கட்டுப்பாட்டுக்குள் வராது, ஆனால் வைத்தியரின் ஆங்கிலக் கடிதம் வேண்டும். முழங்கால் நோவுக்கு ட்ரமடோல் அல்லது கோடீன் கலந்த குளிசை ஏதும் எடுக்கிறாரா? ஐக்கிய அரபு அமீரகத்தில் அவை கட்டுப்பாட்டு மருந்துகள். வேறு குளிசைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

புதுக்குடியிருப்பான்

அம்மாவுக்கு உடம்பில் போரில் பட்ட செல் துண்டு ஏதும் இருக்கிறதா தங்கச்சி? வன்னியிலிருந்து போகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. சாதாரணப் பயண ஆலோசனையில் இது இருக்காது.

எனக்கு முதுகில் இரண்டு துண்டும், ஒரு கால் முழங்காலுக்குக் கீழே பொய்க்காலும். இப்போது சுவிஸில் இருக்கிறேன். உலோகம் கண்டுபிடிக்கிற வாசலால் போனால் சத்தம் வரும், தடவிப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மற்ற இயந்திரம் தோலுக்கு மேலே இருப்பதைத்தான் பார்க்கும், உள்ளே இருக்கிற துண்டைக் காணாது. இரண்டும் இருந்தால் அதைக் கேட்கலாம். வைத்தியசாலையில் ஆங்கிலத்தில் ஒரு வரிக் கடிதம் வாங்கி, எக்ஸ்ரே படத்தைத் தொலைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் முடியும். "எப்படி வந்தது" என்று கேட்டால் போரில் காயம் என்று சொன்னால் போதும், அதற்கு மேல் கதை சொல்லத் தேவையில்லை.

பொய்க்கால் போட்டவர்களுக்கு இதையும் எழுதிவிடுகிறேன், வாசிக்கிறவர்களில் யாராவது இருப்பீர்கள். நீண்ட நேரம் தொங்கவிட்டிருந்தால் வெட்டியதில் மிஞ்சிய கால் ஊதும். கழற்றினால் சுகமாக இருக்கும், ஆனால் இறங்கும்போது திரும்ப ஏறாது. கழற்றுவதானால் உடனே இறுக்கத் துணி சுற்றுங்கள். நான் உள்ளே போடும் உறையில் ஒன்றைக் குறைத்துவிட்டு அப்படியே இருந்துவிடுவேன். அவசர வாசல் வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள், எங்களுக்குத் தரமாட்டார்கள். சோதனையில் கழற்றச் சொன்னால் தனியறை கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, சனத்துக்கு முன்னால் கழற்ற வேண்டாம்.

வட்டக்கச்சி மகள்

அண்ணா, அம்மாவுக்குத் தோளில் ஒன்று இருக்கிறது. நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். கடிதம் எடுக்கிறேன்.

நீங்கள் எழுதியதைப் பார்த்த பிறகு இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. இப்போதும் பிளேன் தாழப் பறந்தால் அம்மா வேலையை விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவார். ஒன்றும் சொல்லமாட்டார், வந்து நிற்பார். அதற்குள்ளேயே 14 மணித்தியாலம் எப்படி இருப்பார் என்று எனக்கு விளங்கவில்லை.

மாங்குளத்து வாத்தியார்

மகள், இது பறக்கப் பயம் என்று இணையத்தில் எழுதுகிற பயம் இல்லை. மற்றவர்கள் விழுந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். எங்களுக்குச் சத்தம்தான். கிபிர் என்ற குண்டுவீச்சு விமானம் வந்த காலத்தில் சத்தம் கேட்டு எண்ணத் தொடங்கி, பங்கருக்குள் குதித்தவர்கள் நாங்கள். 2009 இல் போர் முடிந்து இவ்வளவு காலமாகியும் உடம்பு அதை மறக்கவில்லை.

என் மனைவியையும் இப்படித்தான் அனுப்பினேன். "பயப்படாதே" என்று சொல்லாமல் ஒவ்வொரு சத்தத்தையும் முன்கூட்டியே சொன்னேன். ஓடுபாதையில் இயந்திரம் உறுமும், முதுகை இருக்கையோடு தள்ளும். எழும்பியவுடன் காலுக்குக் கீழே "தடார்" என்று ஒரு சத்தம், சில்லு உள்ளே போகிறது. ஒரு நிமிடம் அளவில் இயந்திரச் சத்தம் திடீரென்று குறையும், கீழே இறங்குவது போல வயிறு சொல்லும். இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். பிறகு "டிங்" என்று மணி. இறங்கும்போது சிறகில் தகடுகள் விரியும், மில் ஓடுவது போல ஒரு முனகல். தரை தொட்டதும் பெரிய இரைச்சல், அது நிறுத்துகிற சத்தம். ஒழுங்கைச் சொல்லி வைத்தால், அடுத்தது என்ன என்று அவர் காத்திருப்பார். எதிர்பாராத சத்தம்தான் ஆளை உலுக்கும்.

சிறகுக்கு முன்னால் உள்ள வரிசைகளில் சத்தம் குறைவு, பின்னால் போகப் போகக் கூடும். இருக்கை தெரிவு செய்யும்போது அதைப் பாருங்கள். சன்னல் வேண்டாம். பஞ்சுக் காதடைப்பான் இரண்டு சோடி கொடுத்துவிடுங்கள். தம்பியிடம் சொல்லி, அம்மாவுக்குப் பிடித்த தேவாரமோ பழைய பாட்டோ தொலைபேசியில் ஏற்றி, காதில் மாட்டப் பழக்குங்கள். இப்போதே வீட்டில் பழக்க வேண்டும், விமானத்தில் போய்ப் பழக முடியாது.

பரந்தன் சந்தி

வாத்தியார் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். எங்கள் மாமி அந்த 14 மணித்தியாலமும் கண்ணை மூடிக்கொண்டே இருந்ததாகப் பிறகு சொன்னார். நித்திரை என்று நாங்கள் நினைத்தோம்.

நித்திரைக் குளிசையை வாபஸ் வாங்குகிறேன் தாதி அக்கா.

ஒரு சந்தேகம்: இப்போது யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் போகிறதே. ஏன் கட்டுநாயக்கா வரை போய் அலைய வேண்டும்? வீட்டுக்குப் பக்கத்தில் ஏறிச் சென்னையில் மாறலாமே?

வவுனிக்குளத்தான்

தனித்தனி ரிக்கற்றாக எடுத்தால் சென்னையில் இந்தியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, திரும்ப செக்கின் செய்ய வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். பலாலிக்கு வருவது சிறிய ஏ.டி.ஆர். ரக விமானம், கனடாவுக்குக் கொண்டுபோகிற இரண்டு பெரிய பெட்டிக்குக் கூடுதல் காசு கேட்பார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது காத்திருக்காது, காசும் திரும்ப வராது. தனியாகப் போகிற வயதானவருக்கு ஒரே ரிக்கற்றில் முழுப் பயணமும் இருப்பதுதான் பாதுகாப்பு.

விசுவமடுத் தாய்

குறுக்கே வருவதற்கு மன்னிக்க வேண்டும். ஏழு மாதக் குழந்தையோடு பிரான்ஸ் போகிறேன். காது வலிக்கு என்ன செய்வது? சளி மருந்து கொடுத்தால் நித்திரை கொள்ளும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

நெடுங்கேணித் தாதி

சளி மருந்தை நித்திரைக்காகக் கொடுக்க வேண்டாம். சில பிள்ளைகள் அதைக் குடித்துவிட்டு எதிர்மாறாகத் துள்ளும், மூச்சுக்கும் நல்லதல்ல. ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள். தரை தொடுவதற்கு அரை மணித்தியாலம் முன்பிருந்தே காது அடைக்கத் தொடங்கும், ஆகவே அப்போதே தொடங்குங்கள். கடுமையான தடிமன் இருந்தால் போவதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள். முன்வரிசைத் தொட்டில் இருக்கையை இப்போதே கேட்டு வையுங்கள், நிறை எல்லை இருக்கிறது.

ஸ்காபரோ வன்னியன்

இறங்குகிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

சூப்பர் விசாவுக்கு எடுத்த காப்புறுதிக் கடிதம், குறைந்தது 100,000 டொலருக்கு இருக்குமே, அது கைப்பையில் இருக்கட்டும். கேட்பார்கள். அழைப்புக் கடிதத்தின் பிரதியும் வையுங்கள்.

சாப்பாட்டுச் சாமான்: எதைக் கொண்டுவந்தாலும் "உணவு இருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், கூடாது என்றால் எடுத்து வைப்பார்கள். மறைத்தால்தான் தண்டம். மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். கருவாடு மீன் கணக்கில் வரும், கனடாவுக்கு ஓர் ஆளுக்கு 20 கிலோ வரை விடுவார்கள். இறைச்சி வகை கொண்டுவர வேண்டாம். தூள் எல்லாம் சூட்கேசுக்குள், கைப்பையில் வைத்தால் சோதனையில் கிளறுவார்கள். கசகசா ஒரு சிட்டிகையும் வேண்டாம், அமீரகத்தில் அது தடை. வன்னித் தேன் திரவக் கணக்கு, அதுவும் சூட்கேசுக்குள்தான், மூடியைச் சுற்றி நாடா ஒட்டி இரண்டு பையில் போட்டு. விசுவமடு அக்கா, ஐரோப்பாவுக்குத் தேன் 2 கிலோதான். பச்சைக் கறிவேப்பிலையை விட்டுவிட்டுப் போங்கள்.

தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பவர் பாங்க் கைப்பையில் மட்டும்தான், சூட்கேசில் போட்டால் பெட்டியைத் திறப்பார்கள். 20,000 எம்.ஏ.எச். வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் இப்போது சில விமானங்களில் அதை உள்ளே பாவிக்க விடுவதில்லை.

நேர மாற்றம்: காலை இறங்கி வீட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிடும். அப்போது அம்மாவின் உடம்புக்கு இரவு ஒன்பதரை. படுக்கத்தான் பார்ப்பார். அரை மணித்தியாலம் சாயலாம், அதற்கு மேல் விட்டால் இரவு ஒரு மணிக்கு எழும்பித் தேத்தண்ணி போடுவார். பின்னேரம் வெயிலில் முற்றத்தில் இருத்துங்கள், எட்டு ஒன்பது மணிக்குப் படுக்க விடுங்கள். முதல் ஒரு வாரம் கலங்கித்தான் இருக்கும், பத்து மணித்தியால வித்தியாசம் சின்ன விடயமல்ல. அந்த நாட்களில் சீனியை அடிக்கடி குத்திப் பார்க்க வேண்டும்.

தம்பியிடம் முக்கியமாகச் சொல்லுங்கள்: முதல் நாளே சொந்தக்காரரைக் கூப்பிடக் கூடாது. இங்கே எங்கள் ஆட்கள் அம்மா இறங்கிய அன்றே இருபது பேருக்குச் சமைத்துவைத்துக் காத்திருப்பார்கள்.

வட்டக்கச்சி மகள்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாத்தியார் சேர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். சில்லு உள்ளே போகிற சத்தத்தை இரண்டு தடவை கேட்டார். சக்கர நாற்காலிக்கும் ஓம் என்றுவிட்டார், "தள்ளுகிற பெடியன் தமிழ் என்றால்" என்ற நிபந்தனையோடு.

சைவச் சாப்பாடு முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

முள்ளியவளைப் பெறாமகள்

ஓம், குறைந்தது ஒரு நாளுக்கு முன். "ஆசியச் சைவம்" என்று கேளுங்கள், வெறும் சைவம் என்றால் அவித்த மரக்கறியும் பாணும் வரும். சீனி வருத்தக்காரர் சாப்பாடு என்று தனியாக இருக்கிறது, ஆனால் அதில் இறைச்சி இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது. இன்சுலின் போடுகிறவர் சாப்பிடாமல் இருப்பதுதான் ஆபத்து, ஆகவே அவர் சாப்பிடக்கூடியதைக் கேளுங்கள். கையில் இரண்டு இடியப்பப் பொட்டலம் இருந்தாலும் நல்லது, கட்டுநாயக்காவில் மாலை ஊசியோடு சாப்பிட.

வவுனியா வான்காரன்

இரவு 10 மணி விமானம் என்றால் மாலை 6 மணிக்கு உள்ளே போக வேண்டும். மூன்று நிற்பாட்டும் முறிகண்டியும் சேர்த்து எட்டு மணித்தியாலம் வையுங்கள். காலை 10 மணிக்குப் படலை தாண்ட வேண்டும். நல்ல நேரம் பார்ப்பதானால் 10க்கு முன் பாருங்கள், பின் பார்க்க வேண்டாம்.

வழியனுப்ப எத்தனை பேர் வருகிறார்கள்?

வட்டக்கச்சி மகள்

இப்போதைக்குப் பதினொரு பேர். சித்தி குடும்பம் இன்னும் சொல்லவில்லை.

வவுனியா வான்காரன்

அப்படியானால் சூட்கேஸ் இரண்டும் கூரையில். கருவாடு எந்தப் பெட்டியில் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.